தறி நின்ற பிறகு கேட்ட பாட்டு

வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதை அவளுடைய வீட்டாருக்கே கேட்கச் செய்ய என்னதான் வழி? எனக்கு ஏழு வயதில் நடந்த ஒரு சம்பவம், பிற்பாடு இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் மூன்று தறிகள் ஓடின. அத்தை நெய்துகொண்டே ஒரே பாட்டைப் பாடுவாள். மூன்று தறிகளின் இரைச்சலில் மற்றவர்களை எட்டியது மெட்டு மட்டுமே. பக்திப் பாட்டு என்றே அப்பா நம்பியிருந்தார். அத்தையின் தறிக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குச் சொற்கள் முழுக்க மனப்பாடம். யாரோ வீட்டுக்கு நேரங்கழித்து வந்து திட்டு வாங்குகிறார் என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தேன்.

அத்தை விரும்பியவர், பூ வைத்து நிச்சயமும் ஆனவர், வேறு வசதியான இடம் கிடைத்ததும் விலகிப் போயிருந்தார். அந்தப் புது உறவும் முறிந்த பின் மறுபடியும் அத்தையைப் பெண் கேட்டார். தங்கை தனித்து நின்றுவிடுவாளோ என்ற கவலை அப்பாவுக்கு. அன்போடுதான் சம்மதித்தார், அவளைக் கேட்கத்தான் தோன்றவில்லை.

பேசி முடிக்க அவர் தாயாரோடு வந்த அன்று, எங்கள் வீட்டில் தறிகள் மூன்றையும் நிறுத்தினார்கள். வந்தவரின் தாயார் அத்தையைப் பாடச் சொன்னார்.

"தொண்ட கட்டிக்கினு இருக்குதும்மா. எங்க அண்ணன் பொண்ணு பாடுவா," என்ற அத்தை என் பக்கம் திரும்பினாள். "நம்ம தறிப் பாட்டுதான்டி. ஒரு வார்த்த வுடாத பாடு."

நான் கைகட்டி நின்று, கணீரென்று பாடினேன்:

"வேற தெருவுல பந்தல் போட்ட ராசா,
எந்தெருவுல கால வெக்காத.
பூட்டுன கதவு பூட்டுனதுதான்,
பூவத் தூக்கிக்கினு நிக்காத."

பெண் கேட்டு வந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாபா இது, கொழந்தைக்கு இதையா சொல்லிக் குடுப்பீங்க?" என்றார் தாயார்.

அப்பா பதறினார். "சின்னப் புள்ளம்மா, அர்த்தம் தெரியாது."

"அவளுக்குத் தெரியாதுண்ணா. எனக்குத் தெரியும்," என்றாள் அத்தை. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர்கள் போன பின் நான் அழுதேன். "தப்பா பாடிட்டனா அத்த? யாருமே கை தட்டல."

"சுத்தமா பாடினடி கண்ணு," என்று அத்தை என்னை இறுக்கிக்கொண்டாள். சிரிக்கிறவளின் கன்னம் ஏன் ஈரமாக இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில், பெண்ணைக் கேட்காமல் யாருக்கும் கல்யாண நாள் குறித்ததில்லை. என்னையும் கேட்டார்கள்.