ஆறு நண்டு

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் நான். நண்டுக்குப் பல் வயிற்றுக்குள் இருக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். செத்த மீன், சிப்பி, புழு, அகப்பட்டால் சொந்த இனம், எதையும் நண்டு விடாது. கிழித்து உள்ளே தள்ளிவிட்டு வயிற்றில் வைத்து நிதானமாக அரைத்துக்கொள்ளும். இவ்வளவும் தெரிந்தவனுக்கு நல்ல நண்டாகப் பார்த்து வாங்கத் தெரியாது. அது என் மனைவியின் இலாகா.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாவிடம் போவோம். மனைவி குனிந்து ஒவ்வொரு நண்டாகத் திருப்பி அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பாள். நான் வண்டியை அணைக்காமல், சீக்கிரம் சீக்கிரம் என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்பேன். ஆளுக்கு மூன்று, மொத்தம் ஆறு. இருபது வருடமாக இதே வழக்கம்.

அவள் இறந்து இரண்டு மாதம் கழித்துத் தனியாகப் போனேன். கூடையில் பளபளவென்று, அடிவயிறு வெள்ளை வெளேரென்று இருந்த ஆறு நீலக்கால் நண்டுகளை நானே பொறுக்கினேன்.

"இன்னா சார், பளபளன்னு கீதுன்னு எடுத்துக்கினியா? அக்கா எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்குள் நூறு பேரிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் சித்தம் என்றார்கள். இன்னொரு தடவை அதைக் கேட்டிருந்தால் யாரையாவது அடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஓட்டை உடைத்தால் உள்ளே வெறும் தண்ணீர். தலையில் அடித்துக்கொண்டேன். புதிதாகச் சட்டை உரித்த நண்டுதானே அப்படிப் பளிச்சென்று இருக்கும்! நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்குமுன் தீனியை நிறுத்திவிடும். கழற்றிய பிறகு தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போய், மெத்தென்று கிடக்கும். புது ஓடு இறுகும்வரை கடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. பெண் நண்டு சட்டை உரிக்கும் சமயத்தில் ஆண் அதைத் தன் அடியில் அணைத்துக்கொண்டு நாள்கணக்கில் சுமந்து திரியும். இந்த இடத்தில் வகுப்பு முழுக்கச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் சுமந்தது அவள்தான்.

அடுத்த வாரமும் போனேன்.

"அக்கா வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

போகப்போக அந்தப் பொய் எனக்குப் பிடித்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் சேலையூர் முழுக்க அவள் இறந்துபோயிருந்தாள். அந்தக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் ஊருக்குப் போயிருந்தாள், வந்துவிடுவாள். அந்த ஓர் இடமும் போய்விடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் ஆறு நண்டு வாங்கினேன். மூன்றை எப்படியோ வேகவைத்துத் தின்பேன். மீதி மூன்று ஃப்ரீசருக்குப் போகும். அதன் கதவு சரியாக மூடாத அளவுக்கு நண்டு சேர்ந்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிறு. நான் கை வைப்பதற்குள் அந்தம்மாவே நண்டுகளைத் திருப்பி, அழுத்திப் பார்த்து, அடிவயிறு அழுக்கேறிய மூன்றைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"ஆறும்மா" என்றேன்.

"மூணு போதும் சார்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பொண்டாட்டி ஊருக்குப் போனா எவனாவது ஆறு நண்டு வாங்கிகினு போவானா? மொத வாரமே புரிஞ்சிடுச்சு. நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

முதலில் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல இவள் யார்? பின்னால் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அடக்கத்தின்போதுகூட அழாதவன், அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அந்தம்மா தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். விலை கேட்டு வந்தவரிடம், "செத்த இரு, சார் உக்காந்துகினு கீறாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஓடுகளை உடைத்தேன். மூன்றிலும் சதை நிறைந்திருந்தது. ஒன்றுவிடாமல் தின்று முடித்தேன். அந்தக் கூடைக்குப் பக்கத்திலும் அவள் இப்போது எந்த ஊருக்கும் போயிருக்கவில்லை.