விமலநாதனின் பிரெஞ்சுக் கோட்டை

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். விமலநாதனின் புளுகு பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. கனடாவில், சென்ட் லோரன்ட்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. ஆனால் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் கோழிக்காலைக் கடித்தபடி பிரான்சின் பெல்ரோஷ் கிராமத்தை அவிழ்த்துவிடுவார். கனடாவுக்கு வருமுன் ஏழு மாதம் அங்கே இருந்தாராம். எண்ணூறு வருடத் தேவாலயமாம், கோட்டையாம், ஊர்ப் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டியாம். பக்கத்து மொன் றோயால் மலைக்கு மனைவியை ஒருநாள் கூட்டிப்போகாத மனிதர்.

மனைவி புஷ்பராணிக்குக் காது புளித்துவிட்டது. அவளுடைய தமையன் மகேந்திரராசா வாயைப் பொத்திச் சிரிப்பது வேறு அவமானம். இந்தப் புளுகை ஒரேயடியாக முடித்துவிடத் தீர்மானித்தாள். 2006 கோடையில், அவளோடு பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்த செலீன் பிரான்சுக்கு விடுமுறை போனாள். பெல்ரோஷுக்கும் போய்ப் படம் எடுத்துவரச் சொன்னாள் புஷ்பராணி. செலீன் திரும்பியதும் அவளையும் தமையனையும் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தாள்.

படங்கள் மேசைக்கு வந்தன. தேவாலயத்தின் முகப்பைப் பார்த்து, "இது என்ன கட்டடம்?" என்றார் விமலநாதன். கோட்டையை யாரோ பணக்காரரின் வீடு என்றார்.

"ஏழு மாசம் இருந்த மச்சானுக்குத் தேவாலய வாசல் தெரியேல்லை," என்றார் மகேந்திரராசா. புஷ்பராணிக்கு உள்ளம் குளிர்ந்தது.

விமலநாதன் படங்களைத் தள்ளிவைத்தார். "தேவாலய மணி இப்பவும் ரெண்டு தரம் அடிக்குதோ எண்டு அவவிட்டைக் கேளும்," என்றார் மனைவியிடம்.

புஷ்பராணி பிரெஞ்சில் கேட்டாள். செலீன் வியந்துபோனாள். தேவாலயத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் ஒவ்வொரு மணியையும் அடித்து, சற்றுப் பொறுத்து மறுபடி அடிக்குமாம். அங்கே தங்கியதால்தான் அவளுக்கே தெரியுமாம்.

"கனடாவுக்கு அனுப்பிறன் எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் எங்களை வெளியில விடேல்லை," என்றார் விமலநாதன், மனைவியைப் பாராமல். "தேவாலயத்துக்குப் பின்னால ஒரு வீட்டில பதினொரு பேர். யன்னலுக்குப் பலகை அடிச்சிருந்தவங்கள். மணிச் சத்தம் மட்டும் கேக்கும். சாப்பாடு கொண்டுவாற சவிரிமுத்து அண்ணைதான் ஊர் எப்பிடியெண்டு சொல்லுவார்."

மகேந்திரராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் இவர் பொன்சர் பண்ணிக் கூப்பிட்டு நேரா பிளேனில வந்தனீங்கள். பேசாமல் சாப்பிடுங்கோ," என்றாள் புஷ்பராணி. பிறகு கணவரிடம் திரும்பினாள். "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமேயப்பா."

"அடைச்சு வைச்சவங்கள் எண்டால் ஆர் கேப்பினம்? கோட்டை எண்டால் கேக்கினம்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. விருந்து வைத்து, ஆள் கூட்டி, அவரைப் பிடித்துக்கொடுத்தவள் அவள்தான்.