ஓஸ்வால்டின் வலது கை

பெங்களூர் அடுகோடியில் இருக்கும் ஓஸ்வால்டுக்கு வலது கை நடுங்கும். இரண்டு வருடமாக அது தெரிந்தவள் அவர் மனைவி பியாட்ரிஸ் மட்டும்தான். காலையில் சட்டைப் பட்டன் போட்டுவிடுவது அவள்தான்.

ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் டீ கொடுக்கும் வேலை அவருக்கு. கான்ட்ராக்ட் ஆள். கை விஷயம் தெரிந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியேதான். அதனால் கோப்பையில் முக்கால்தான் ஊற்றுவார், முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொள்வார். அவ்வளவு பயந்திருக்கவே வேண்டாம். அங்கிருந்த மேதைகள் டீ வந்ததைத்தான் பார்ப்பார்கள். கொண்டுவந்த ஆளை எவன் பார்த்தான்?

மேதைகளுக்கெல்லாம் மேதை அனந்தபத்மநாபன். 2006-ல் அவன் செய்த அதிசயம் இது: இரண்டு செல்போனை ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினால், தாங்கள் ஆடிய ஆட்டத்தை அவை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றையொன்று நம்பி இணைந்துகொள்ளும். பாஸ்வேர்டே வேண்டாமாம். ஆறு மாதமாகப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கிலுகிலுப்பை கிடைத்த குழந்தைகள் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஓஸ்வால்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆடும் கையை அடக்க அவர் படாத பாடு படுகிறார். இவன்களுக்கு ஆட்டுவதற்குச் சம்பளம்!

மும்பையிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வந்தார். துரைக்குத் தோள் வலிக்கக் கூடாதே என்று, போன்கள் லேசாக அசைந்தாலே இணையும்படி முந்தின நாளே மாற்றிவைத்திருந்தான் அனந்தபத்மநாபன்.

"ஓஸ்வால்ட், அந்த ரெண்டு போனையும் சாருக்கு எடுத்துக் குடுங்க."

இடது கையில் டீ பிளாஸ்க். வலது கையால் இரண்டையும் சேர்த்து எடுத்தார். நாலு எட்டு வைப்பதற்குள் 'டிங்' என்று இரண்டும் இணைந்துவிட்டன.

"எதுக்குய்யா ஆட்டின?" அதிகாரி முன்னால் அனந்தபத்மநாபனின் மரியாதைப் பேச்சு பறந்துவிட்டது.

"ஆட்டல சார்."

"ஆட்டாம எப்படி கனெக்ட் ஆகும்?"

அப்போதுதான் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. அனந்தபத்மநாபனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், நம்ம சிஸ்டம்ல தப்பே இல்ல! இவர் கைலதான் ப்ராப்ளம்!" என்று குதிக்காத குறையாகச் சொன்னான். அதிகாரியும் சிரித்தார்.

ஓஸ்வால்டுக்கு அவமானத்தில் காது சுட்டது. நாளைக்குக் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். போன்களை மேஜையில் வைத்தார்.

"ஒரே கைல இருந்துச்சு, ஒண்ணா ஆடுச்சு. மெஷின் கண்டுபிடிச்சிடுச்சு சார். ரெண்டு வருஷமா உங்க முன்னாடி டீ ஊத்தறேன், உங்களால முடியல."

பிறகு முழங்கையை இறுக்காமல், அனந்தபத்மநாபனின் கோப்பையில் விளிம்பு வரை ஊற்றினார். பாதி மேஜையில் கொட்டியது. அதைத் துடைக்கவில்லை.