அபராதச் சீட்டில் அம்மாவின் பெயர்

எங்கள் மலையூர் கொச்கோரில் என் அம்மா கலிபா பத்தொன்பது வருடமாக லாரி ஓட்டுகிறாள். அப்பாவின் கால் ஒடிந்த வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்தவள், பிறகு விடவேயில்லை. கால் சரியான பிறகு அப்பாவும் எப்போதாவது ஓட்டுவார். உருளைக்கிழங்கு மூட்டைகளோடு தோலோன் கணவாயைத் தாண்டி நரின் நகருக்குப் போவாள். தீவனப் புல்லோடு திரும்புவாள். ஆனால் லாரி அப்பா துராத் பெயரில். அம்மா ஓட்டிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்ப்பவர்கள்கூட, "துராத்தோட லாரி போகுது" என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரி விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் கேட்ட இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு பனிப்புயல். கணவாயை மூடுவதற்கு இருபது நிமிடம் முன்பு அம்மா அடிவாரத்துக்கு வந்துவிட்டாள். அங்கிருந்த வேகக் கேமராவில், அறுபதில் போகவேண்டிய இடத்தில் எழுபத்து நான்கு. உரிமையாளர் என்பதால் அபராதச் சீட்டு அப்பாவுக்கு வந்தது. அப்பா அதை டீக்கடைக்குக் கொண்டுபோக, அதிலிருந்த நேரத்தைப் பார்த்தவர்கள், அன்று கடைசியாக இறங்கிய லாரி எங்களுடையதுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அந்தப் புயல்லயா! ஆம்பளைன்னா நீதான்டா துராத்!" என்றார் அப்பாவின் டீக்கடை நண்பர் தாலாய்பெக்.

அப்பா மறுக்கவில்லை. டீயை உறிஞ்சினார். ரொட்டி வாங்கப் போயிருந்த நான் அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சீட்டை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள்.

"ஓட்டினது நான். என் பேருக்கு மாத்திக் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? அபராதத்தை யாராவது கேட்டு வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன். பாராட்டு உங்களுக்கு, ஓட்டினது நானா?"

"டீக்கடையில என் மூஞ்சி என்னாகும்?"

"இப்ப இருக்கிற மூஞ்சிதான் இருக்கும்."

மறுநாள் மூவரும் போக்குவரத்து அலுவலகம் போனோம். உரிமையாளர் சொன்னால்தான் மாற்றுவார்கள். வரிசையில் எங்களுக்குப் பின்னால், வேறேதோ வேலையாக, தாலாய்பெக்.

"அப்ப யாரு ஓட்டினது?" என்றாள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்.

"எங்க கிழவி." அப்பா எப்போதும் அம்மாவை அப்படித்தான் சொல்வார்.

"கிழவின்னே எழுதிக்கட்டுமா அண்ணே?"

வரிசை சிரித்தது. அப்பா பின்னால் திரும்பி தாலாய்பெக்கைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கலிபா. அன்னைக்கு தோலோன்ல கடைசியா இறங்கினது இவதான். நான் வீட்ல அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தேன்."

அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாலாய்பெக் கேட்டார், "அந்தப் பனியில எழுபத்தி நாலா அக்கா?"

"மேல கணவாய்ல சின்ன கியர்லயே மெதுவா இறக்கினேன் தம்பி. கீழ வந்ததும் வீட்டு நெனப்பு வந்துருச்சு."

அம்மாவின் உரிமத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "தொழில்?"

அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "லாரி டிரைவர்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்தொன்பது வருஷம்னு சேத்துச் சொல்லு," என்றாள்.