வாழைக்குலைக்குள் வந்த கார்ட்

சந்திக்குச் சந்தி ஆமி நின்ற காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதன் வேகத்தைக் கூட்டவென்று லண்டனிலிருந்து அண்ணை ஒரு கார்ட் அனுப்பியிருந்தார். நீர்வேலியிலிருந்த என் சிநேகிதனுக்கும் ஜேர்மனியிலிருந்து அப்படியொன்று வந்தது. கொம்பியூட்டர் பிறகு வருமாம்! செருகிப் பார்க்க இடமில்லாமலே, தன்னுடையதுதான் வேகம் என்று வாயடித்துக்கொண்டு திரிந்தான். "கொண்டு வா, பாப்பம்" என்று நானும் ஒருநாள் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ரேடியோ திருத்துகிற ஒருவரை, மேசையில் கிடந்த வயர்த்துண்டுகள் குண்டு செய்யத்தான் என்று ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. கொம்பியூட்டரை ரீவி என்று சமாளிக்கலாம். இந்தப் பச்சைத் தகட்டை என்னவென்று சொல்வது?

அவன் சைக்கிளில் ஒரு கதலிக்குலையோடு வந்து இறங்கினான். கார்ட்டை வாழைச்சருகில் சுற்றிக் குலைக்கு நடுவில் செருகியிருந்தான். குலையில் பாதியைக் காணவில்லை.

"சந்திச் சென்றியிலை ஆமிக்காரர் மறிச்சுப் பழம் கேட்டாங்கள், மச்சான். சீப்புச் சீப்பா வெட்டிக் குடுத்தன். இன்னொரு சீப்புக் கேட்டிருந்தால் நான் முடிஞ்சன்."

அவன் சிரித்தான். நான் கதவைச் சாத்தினேன்.

முதலில் என்னுடையதைச் செருகினோம். திரையில் கோடு கோடாக ஒரு மலை வரைகிற புரோகிராம். அது வரைந்தது, வரைந்தது, வரைந்துகொண்டே இருந்தது. அவன் கொட்டாவி விட்டான். றோட்டில் வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் யன்னலுக்கு ஓடினேன். பிறகு அவனுடையது. யன்னலுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மலை முழுதாக நின்றது.

"ஓம், உன்ரைதான் வேகம். எடுத்துக்கொண்டு ஓடு" என்றேன். ஊரடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. வாழைத்தோட்டம் நிறைந்த நீர்வேலிக்கு யாராவது வெளியிலிருந்து குலை கொண்டு போவார்களா? வரும் வழியை மட்டுமே யோசித்திருக்கிறோம்.

"உன்னட்டையே இருக்கட்டும். கவனமடா" என்று சொல்லிவிட்டு அவன் வெறுங்கையோடு சைக்கிளில் ஏறினான்.

கொம்பியூட்டருக்குள் ஒரு கார்ட்டுக்குத்தான் இடம். வெளியே கிடக்கிற மற்றது ஆமி சுற்றிவளைத்துத் தேடும்போது அகப்பட்டால் என்னையும் கொண்டு போய்விடுவார்கள். அவனுடையது நம்பித் தந்த பொருள், வேகமானதும் அதுதான். அதை உள்ளேயே விட்டு மூடினேன். அண்ணை ஆசையோடு அனுப்பியதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன்.

அந்தச் சத்தம் சந்திவரை கேட்டிருக்குமோ என்று பயந்து, கிணற்றுக்கட்டோடு ஒட்டிக் குந்திக்கொண்டிருந்தேன்.