ஏழாம் நம்பர்க் கம்பு

எங்கள் சல்லி ஊர்க் கடற்கரையில் ஒருநாள் சிவப்புப் பெயின்ற் அடித்த கம்புகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எண். கரையில் கம்பு நட்டால் ஹோட்டல் வரும், வீடு போகும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்கு முன்னால் மணலில் நின்றதை நானே பிடுங்கிக் கருவாட்டுப் பந்தலுக்குக் கால் ஆக்கினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, பசுமை அணிக் கட்சியின் பிரதேச சபைப் பெண் உறுப்பினர் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் ஊருக்குள் அந்த பஸ்ஸை வரவைத்தவரும் அவர்தான். பந்தல் காலைக் கண்டதும் சிரித்தார்.

"அண்ணை, இந்த ஏழாம் நம்பரைத் தேடித்தான் வந்தனான். கடல் எவ்வளவு உள்ளுக்கு வருகுதெண்டு கம்பு நட்டு அளக்க, கம்பஸில படிக்கிற பிள்ளையளுக்கு நிதி எடுத்துக் குடுத்தனான். அளவு இருந்தால்தான் கரையோர வீடுகளுக்கு வேற காணி கேக்கலாம்."

"கேட்டுப்போட்டெல்லோ பிடுங்கியிருக்கோணும்!" என்றாள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி. "வாய் திறந்தால் முத்து விழுந்திடுமே?"

"கம்பு நிண்ட இடம் தெரியுமோ, அண்ணை?"

"ஓம்" என்றேன்.

கடலில் வலை போட்ட இடத்தை நாங்கள் கரையின் அடையாளங்களைச் சேர்த்துத்தான் நினைவில் வைப்போம். கம்பையும் என் கண் அப்படியே பிடித்து வைத்திருந்தது. கோயில் கோபுரம் பனைக்குப் பின்னால் மறையவேண்டும். எங்கள் கிணறு வாசலுக்கு நேரே வரவேண்டும். இரண்டும் சேரும்வரை நடந்தேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அளவு நாடாவோடு இறங்கி வந்தார்.

"காணி கேக்க இந்த அளவு காணுமோ, மிஸ்?" இந்தமுறை நானாகவே கேட்டேன்.

"எழுதுறன். திரும்ப நடுறதைப் பிடுங்காதேங்கோ."