உள்ளே திறக்கும் கதவு

உளியின் முனை, கதவு நிலையில் வெட்டியிருந்த பள்ளத்தின் ஓரத்தைச் சீவியது. கீலக்காவின் கைகள் நிதானமாகத்தான் இருந்தன. வாய்தான் இல்லை.

"வெட்டின கையை வெட்டணும்."

"வெட்டிடாதீங்க அண்ணி, சாயங்காலம் வரைக்கும் வேணும்," என்றான் ஒட்டுத்துண்டை இழைத்துக்கொண்டிருந்த கொழுந்தன்.

பழைய நீதிமன்றம் பொது நூலகமாகிக்கொண்டிருந்தது. அதன் வாசல் இரட்டைக் கதவைத்தான் கீலக்கா மழைக்காலம் முழுக்கப் பழுது பார்த்தாள். கீல் பதிப்பதில் கெட்டிக்காரி என்று வந்த பெயர் அது. கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறார். மக்கிய இடங்களை மட்டும் அறுத்தெடுத்து, அதே கட்டடத்தில் கழித்துப்போட்ட உத்தரத்தின் தேக்கை ஒட்டுச் சேர்த்திருந்தாள். புது மரம் ஒரு துண்டு வாங்கவில்லை.

கதவு உள்பக்கம் திறப்பது. அங்கேதான் வினை. தீயணைப்பு அதிகாரி வந்து, "அவசரத்துல கூட்டம் கதவுல முட்டிக்கும். வெளிப்பக்கம் திறக்கணும்," என்றார். அவர் வாசல் தாண்டுவதற்குள் இவள் நிலையின் வெளி ஓரத்தில் கீலுக்குப் பள்ளம் வெட்டிவிட்டாள். மறுநாள் பழங்கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர் அம்மா பார்த்துவிட்டு, "திசையை மாத்தவே கூடாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்றார். கேட்டிருக்க வேண்டும்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவள் தானே போய் மத்தளமாகப் படுத்துக்கொண்டவள்.

இன்று இருவரும் சேர்ந்து வருகிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கதவு கிடங்குக்குப் போகும், வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வரும்.

வந்தார்கள். "சட்டம்," என்றார் அதிகாரி. "சட்டம்," என்றார் அந்த அம்மாவும். வேறு வேறு சட்டம்.

"பாய் மாதிரி சுருட்டி வச்சிடவா?" என்றாள் கீலக்கா.

அதிகாரி சிரிக்கவில்லை. கதவுகளை உள்ளே தள்ளிப் பார்த்தார். சுவர் அவ்வளவு கனம். இரண்டும் வழியை மறைக்காமல் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒட்டி நின்றன.

"எனக்கு வேண்டியது வழிதானே? உள்ள ஆள் இருக்கிற வரைக்கும் இது இப்படியே நிக்கட்டும். யாரும் சாத்த முடியாம பூட்டிடுங்க."

"சுவத்துல ஓட்டை போடக் கூடாது," என்றார் அந்த அம்மா.

"தரையில போடறேன்."

"தரைக்கல்லும் கட்டடத்தோட வயசு."

கீலக்கா உளியை வைத்த சத்தம் கூரைவரை போனது. "அப்ப தாழ்ப்பாளை என் தலையில போடவா?"

அந்த அம்மா மண்டியிட்டுத் தரையைத் தடவினார். "ஓரத்துக் கல்லு ரெண்டும் உடைஞ்சு மாத்தினது. போன வாரம் வந்தது. அதுல போடுங்க."

"பெரியவங்களைத் தொடக் கூடாதாம். பச்சப்புள்ளைய துளைக்கலாமாம் அண்ணி."

"நீ பேசாம துளை."

கல்லில் இறங்கும் தாழ்ப்பாள் இரண்டு, சாவி போட்டால்தான் மேலே வரும்படி பொருத்தினாள். தவறாக வெட்டிய பள்ளத்தில் ஒட்டு வைத்து, சாயம் பூசி மறைக்கப் போனபோது அந்த அம்மா தடுத்தார். "வேண்டாம், தெரியட்டும். பழுதைப் பழுதுன்னே காட்டணும்."

என் புத்திகெட்ட வேலையை ஊரே பார்க்கட்டும் என்கிறார், வேறென்ன என்று கீலக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அதிகாரி கதவை இழுத்தார், உலுக்கினார். அசையவில்லை. தலையாட்டினார். நூலகர் சாவி வாங்க வந்தார்.

"தள்ளணுமா, இழுக்கணுமா? ஸ்டிக்கர் அடிச்சு வச்சிருக்கேன்."

கீலக்கா சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டாள்.

"காலையில வந்து நீங்க தள்ளுங்க சார். அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண வேணாம்."